மானமும் பொருளும்: மலாக்கா நைனா சட்டு வரலாற்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

மானம் பெரிதா, பொருள் பெரிதா என்னும் வழக்காடல் தமிழ்ப்பள்ளிச் சொற்போர் மேடைகளிலும் ஆலயத் திருவிழாப் பட்டிமன்றங்களிலும் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவதாகும். ஓர் அணியினர் திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்தைத் துணைக்கழைப்பர். மற்றோர் அணியினர் பொருள்செயல்வகை அதிகாரத்தைக் கொண்டு மறுப்பர். நடுவர் பெரும்பாலும் மானத்தின் பக்கமே தீர்ப்பு வழங்குவார். ஒரே புலவர் இரண்டையும் வலியுறுத்தியிருக்க, அவற்றை எதிரெதிரே நிறுத்துதல் பொருந்துமா என்பதை எவரும் வினவுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, இலக்கியச் சான்றுகளையும் மலேசியத் தமிழர் வரலாற்றுச் சான்றுகளையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு மலாக்கா மாநிலம் பொருத்தமானதொரு களம். வணிகத்தால் செல்வம் குவித்த தமிழர் மரபும், கூலி உழைப்பால் வாழ்ந்த தமிழர் மரபும் இங்கு அருகருகே காணப்படுகின்றன. மலாக்கா நகரின் பொய்யாத விநாயகர் ஆலயம் 1781 ஆம் ஆண்டில் மலாக்காச் செட்டி சமூகத்தாரால் எழுப்பப்பட்டது. மலாயாவில் வணிக முறையிலான முதல் ரப்பர் பயிரீட்டை 1896 ஆம் ஆண்டில் டான் சே யான் தொடங்கியதும் இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசிமக விழாவில் இவ்விரு மரபினரின் வழித்தோன்றல்களும் ஒன்றுகூடுவர். பொருளும் மானமும் இவ்விரு சாராருக்கும் ஒரே பொருளில் வழங்கினவா என்பது ஆராயத்தக்கது.

நைனா சட்டுவின் முடிவும் அதனைச் சொன்னவர்களும்

1509 ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்த போர்த்துக்கீசியருள் சிலர் இங்குச் சிறைப்பட்டனர். அவர்களுக்கு உதவியவர் ஒரு தமிழ் வணிகர். அவர் பெயர் நைனா சட்டு என்று போர்த்துக்கீசிய ஆவணங்களின் ஒலிப்பிலேயே நமக்குக் கிடைக்கின்றது. 1511 இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றியபின், அவ்வுதவிக்குக் கைம்மாறாக அவருக்குப் பெண்டாஹாரா பதவி வழங்கப்பட்டது. போர்த்துக்கீசிய அரசோடு பங்கு சேர்ந்து பெகு நாட்டுத் துறைகளுக்கு அவர் கப்பல் விடுத்ததும் அறியப்பட்ட செய்தியாகும்.

1514 இல் அப்பதவியை அவரிடமிருந்து விலக்கிச் சுமத்திராவின் கம்பார் நாட்டு அரசருக்கு வழங்கப் போர்த்துக்கீசியர் முடிவு செய்தனர். அவமதிப்பைப் பொறாத நைனா சட்டு, மேடையமைத்து நறுமண விறகால் தீ மூட்டச் செய்து, பொன்னாடை பூண்டு மக்கள் முன் தோன்றித் தம் நிலையை எடுத்துரைத்தபின் தீயில் வீழ்ந்தார் என்று பின்வந்த ஐரோப்பிய வரலாற்றாசிரியர் எழுதினர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தேன் தம் கட்டுரைத் தொகுதியின் இரண்டாம் நூலில், தானே தேடிக்கொள்ளும் இறப்பு முறையானதா என்று வினவும் கட்டுரையில் இந்நிகழ்ச்சியை எடுத்தாள்கின்றார். மலாக்கா வணிகர் ஒருவர் இவ்வாறு ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்.

முதல் நோக்கில் இது பொருளினும் மானமே பெரிது என்பதற்கு ஈடிணையற்ற சான்றாகத் தோன்றும். அவருடைய கப்பல்களும் பண்டங்களும் பறிக்கப்பட்டதாக இக்கதை கூறவில்லை. பதவி ஒன்றே போயிற்று. அதற்காக உயிர் நீத்தார் என்பதே கதையின் சாரம். ஆயினும் இக்கதையைத் திறனாய்வு நோக்கில் அணுகும்போது இரண்டு ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, அவர் இழந்த மானம் எங்கிருந்து வந்தது என்பதாகும். அது வென்றவர் கொடுத்த பதவியிலிருந்து வந்தது. கொடுத்தவரே அதனைத் திரும்பப் பெற்றனர். அப்பதவியைப் பெற்ற கம்பார் அரசரும் மிகச் சில காலத்திற்குள் போர்த்துக்கீசியராலேயே கொல்லப்பட்டார் என்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. பிறர் வழங்கிப் பிறர் பறிக்கத்தக்க மானம், பண்பால் செல்வத்தினின்று வேறுபட்டதன்று.

இரண்டாவது, அவர் ஆற்றியதாகச் சொல்லப்படும் உரையின் அமைப்பாகும். மொந்தேன் தரும் வடிவில், போர்த்துக்கீசியர் தமக்குப் பட்டுள்ள கடப்பாட்டையும் தாம் அவர்களுக்கு உண்மையாக உழைத்ததையும் அவர் முதலில் எடுத்துரைக்கின்றார். மானத்தின் உயர்வைப் பின்னரே பேசுகின்றார். தீராத கணக்கொன்றை நேர்மையற்ற பங்காளியின் முன் வைக்கும் வணிகரின் முறையீடு அதில் ஒலிக்கின்றது. இவ்வுரை அவருடைய வாய்மொழியா, எழுதியவரின் புனைவா என்பது வேறு. அவருக்கு இழைக்கப்பட்டது நன்றி கொன்ற செயல் என்பதில் ஐயமில்லை. அவருடைய வேதனையை எள்ளி நகையாடுதலும் தகாது. எனினும் கதை சொன்னவர் அனைவரும் இறந்த முறையை விரித்துரைத்த அளவுக்கு, அந்த மானத்தின் அடிப்படையை ஆராயவில்லை.

பரிசிலை மறுத்த புலவர்

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவர் புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலேயே பரிசில் அனுப்பியபோது அதனை ஏற்க மறுத்து அவர் பாடிய பாடல் புறநானூற்றின் 208 ஆம் பாடலாகும். தாம் வணிகப் பரிசிலர் அல்லர் என்பதும், தகுதியறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் தமக்கு இனிது என்பதும் அப்பாடலின் கருத்து.

மறுத்தவர் செல்வர் அல்லர் என்பதை மறத்தலாகாது. அவர் குமணனைப் பாடிய 159, 160 ஆம் பாடல்கள் முதிய தாயையும், பசியால் வாடும் மனைவியையும், பாலின்றி அழும் குழந்தையையும் நம் கண்முன் நிறுத்துகின்றன. வறுமையின் எல்லையைக் கண்டவரே பரிசிலை மறுக்கின்றார். அதே புலவர் குமணன் தந்த வளத்தை மகிழ்ந்து ஏற்று, அதனை எல்லார்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுவதனை 163 ஆம் பாடலில் காண்கின்றோம். ஆகவே அவர் பொருளை வெறுத்தவராகார். பொருள் வரும் வழியை அளந்தவர். கொடுப்பவன் தம்மை மனிதராகக் கண்டு கொடுத்தானா என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

நைனா சட்டுவின் மானம் பெற்ற பதவியைச் சார்ந்திருந்தது. பெருஞ்சித்திரனாரின் மானம் பெறுவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. அதனால்தான் ஒருவர் இழந்தபின் உயிரைக் கொடுக்க நேர்ந்தது; மற்றவர் மறுத்துவிட்டு அடுத்த வள்ளலை நோக்கி நடக்க முடிந்தது.

குறளின் வைப்புமுறை காட்டும் உண்மை

திருக்குறளில் மானம் 97 ஆவது அதிகாரமாகும். அது அறத்துப்பாலில் இடம்பெறாமல் பொருட்பாலில் இடம்பெற்றிருப்பது கருதற்குரியது. பரிமேலழகர் ஒழிபியல் எனக் கொண்ட இயலில் அது குடிமைக்கும் பெருமைக்கும் இடையே நிற்கின்றது. அதே இயலில் உழவு, நல்குரவு, இரவு, இரவச்சம் ஆகியவை 104 முதல் 107 வரையிலான அதிகாரங்களாகத் தொடர்கின்றன. உழவின் உயர்வை உரைத்தவுடன் வறுமையின் கொடுமையையும், அதன்பின் இரத்தலின் இழிவையும் வள்ளுவர் பேசுகின்றார்.

நல்குரவு அதிகாரத்தில், நற்குடிப் பிறந்தார் வாயிலும் இழிந்த சொல் தோன்றுமாறு வறுமை சோர்வு தரும் என்பது அவர் கருத்து. மானத்தைக் காப்பது தனிமனிதரின் உறுதி மட்டுமே எனக் கொண்டிருப்பின் வள்ளுவர் இவ்வாறு கூறியிருக்க மாட்டார். பொருள்செயல்வகையிலும் தீதின்றி வந்த பொருளையே அறமும் இன்பமும் தருவதாகப் போற்றுகின்றார். பட்டிமன்ற அணிகள் இவ்விரு அதிகாரங்களையும் பிரித்தெடுத்து மோதவிடுவதால், இவற்றோடு தொடர்புடைய நல்குரவு அதிகாரம் பேசப்படாமலே போகின்றது. மானம் அதிகாரத்தின் சில குறள்கள் இழிவோடு வாழ்தலினும் இறத்தல் மேல் எனக் கூறுதல் உண்மையே. அவற்றை இரவச்சத்தோடும் நல்குரவோடும் சேர்த்துப் படிக்கும்போது, மானம் இழக்கும் நிலைக்கு மனிதரைத் தள்ளும் சமுதாயத்தின் மீதும் அவை குற்றம் சுமத்துவதை உணரலாம்.

கூலியும் மிதிவண்டியும்

குறள் காட்டும் இவ்வுறவு ரப்பர்த் தோட்ட வாழ்வில் வெளிப்படையாகத் தெரிந்தது. மலாக்காவில் தொடங்கிய ரப்பர் மேற்குக் கரை முழுவதும் பரவியபோது, துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்னும் படிநிலையும் உடன் பரவியது. அப்படிநிலைக்கு எதிரான பெரிய எழுச்சி 1941 இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தியவருள் ஒருவர்.

அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியல் ஓர் இலக்கியப் பனுவலுக்குரிய கவனத்தோடு படிக்கத்தக்கது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது அதில் ஒன்று. துரைமாரும் அலுவலரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. தோட்டத்துப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், குழந்தைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி ஆகியனவும் அதே பட்டியலில் இடம்பெற்றன. கூலி ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம் என்று அவர்கள் இரண்டு மனுக்கள் எழுதவில்லை. குறைந்த கூலியும் மிதிவண்டியிலிருந்து இறங்குதலும் ஒரே இழிவின் இரு வடிவங்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பொருளியல் வழக்கு என்று மட்டும் கொண்டால் இவ்வெழுச்சியின் வேகத்தை விளக்க இயலாது.

சேமிப்பால் காத்த மானம்

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக, ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். வேலையோடு லயத்து வீட்டையும் இழந்து குடும்பங்கள் வீதிக்கு வந்தன. இந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. நூறு வெள்ளிப் பங்கினை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் உறுப்பினராயினர். 1961 இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

பிறர் நிலத்தில் பால்வெட்டியவர் தம் சேமிப்பாலேயே நிலத்திற்குப் பங்காளராகும் வழி இங்குத் திறந்தது. பெருஞ்சித்திரனார் தனிமனிதராக நிலைநாட்டிய மானத்தை ஒரு சமூகம் கூட்டாகத் தேடிய முயற்சியாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் துண்டாடலின் வேகத்தை ஒரு சங்கம் தடுத்து நிறுத்த இயலவில்லை. பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது இடம்பெயர்ந்தோரின் துயரும் இக்கணக்கில் சேர வேண்டியதே.

இன்றைய சமூகமும் வகுப்பறையும்

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 2013 இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. நல்குரவு அதிகாரம் இன்னும் காலாவதியாகவில்லை என்பதற்கு இத்தகைய சட்டம் தேவைப்படுதலே சான்று.

மறுபுறம், நைனா சட்டு வகை மானமும் வளர்ந்தே வருகின்றது. கடன்பட்டு நடத்தும் ஆடம்பரத் திருமணமும், பட்டத்தையும் மாலையையும் எதிர்நோக்கும் பொதுவாழ்வும் பிறர் கண்ணில் தோன்றும் மதிப்பையே மானமெனக் கொள்கின்றன. பொருளுக்கு மேலாக மானத்தைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே, பொருளால் மானத்தை வாங்க முயலும் முரண் இதுவாகும். குடும்ப மானம் என்னும் பெயரால் பெண்களின் விருப்பத்தை மறுத்தலும் இவ்வகையினதே. அங்குக் காக்கப்படுவது ஊரார் பேச்சினின்று பெறும் மதிப்பு.

ஆசிரியர் மானம் அதிகாரத்தை நல்குரவோடு இணைத்துக் கற்பித்தல் நலம். உதவித்தொகைப் படிவத்தை வாங்க நாணி நிற்கும் மாணவனுக்கு, கவரிமானை எடுத்துக்காட்டி உயிர்விடும் வீரத்தைப் போற்றுவதனால் பயனில்லை. உதவி பெறுதல் இழிவன்று, இழிவுபடுத்திக் கொடுத்தலே இழிவு என்பதைப் பெருஞ்சித்திரனார் வழியே அவனுக்கு உணர்த்தலாம். படிவத்தை வகுப்பின் முன் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்காதிருத்தல் ஆசிரியரின் கடமை. புலவர் அதியமானிடம் எதிர்பார்த்த மதிப்பு அதுவே.

முடிவுரை

மானமா பொருளா என்னும் வினா, இரண்டும் உடையார் எழுப்பும் வினாவாகும். இரண்டும் மறுக்கப்பட்டோர் அவற்றைப் பிரித்துக் கேட்டதில்லை என்பதனைக் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியல் காட்டுகின்றது. ஒருவருடைய பொருள் யார் கையில் உள்ளது, அது எவ்வாறு கொடுக்கப்படுகின்றது என்று வினவும்போதே மானத்தின் பொருள் தெளிவாகும். அவ்வகையில், மலாக்கா நகரில் மூட்டப்பட்ட நறுமணத் தீயைவிட, லயத்து வீடுகளில் மாதந்தோறும் எடுத்துவைக்கப்பட்ட பத்து வெள்ளி மானத்தின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி எனத் துணியலாம்.