பழகிய நரிக்குட்டியை என்ன செய்வது?

நரிக்கு அடர்காடு தேவையில்லை. நண்டும் எலியும் உதிர்ந்த பழமும் கிடைத்து, குட்டி ஈன ஒரு வளையும் இருந்தால் போதும். புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் அதற்கு ஏற்ற நிலம். வில்பத்துக் காடு குதிரைமலை முனையில் கடலைத் தொடுகிறது. அதற்குத் தெற்கே களப்பு, கண்டல், உப்பளம், பற்றைக்காடு, தென்னந்தோட்டம் என்று நிலம் நீள்கிறது. பற்றை வெட்டும்போதோ மண் தோண்டும்போதோ வளை கலைந்தால் தாய் ஓடிவிடும், குட்டிகள் மிஞ்சும். அவற்றை எடுத்து வந்து பால் கொடுப்பவர்களின் இரக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து, “இது மனுசருக்குப் பழகிவிட்டது, இனிக் காட்டுக்கு விட ஏலாது” என்று சொல்லும்போது, அதை அந்தக் குட்டியின் இயல்பு போலச் சொல்கிறோம். உண்மையில் அது வளர்த்த முறையின் விளைவு. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். தாயற்ற யானைக் கன்றுகளை வளர்க்க 1975இல் பின்னவலைக் காப்பகம் தொடங்கப்பட்டது. கன்றுகள் பிழைத்தன, பெருகின, 1984இல் அங்கேயே ஒரு கன்று பிறந்தது. ஆனால் பாகனோடும் பார்வையாளரோடும் வளர்ந்த அந்த யானைகள் காட்டுக்குத் திரும்பவில்லை. 1995இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் உடவளவையில் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் வேறு வழியில் போனது. பால் நேரத்தில் கன்று முன்னே வருகிறது. புனலில் ஊற்றும் பால் குழாய் வழியே வாய்க்குள் இறங்குகிறது. குடித்து முடித்ததும் அது தன் கூட்டத்தோடு மேயப் போய்விடுகிறது. கொஞ்சுவது அங்கே முறையல்ல. பார்க்க வருபவர்கள் தூரத்து மேடையில் நிற்க வேண்டியதுதான். ஏறத்தாழ ஐந்து வயதில் கன்றுகள் கூட்டாகவே விடப்படுகின்றன. 1998 முதல் இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை காடேகியுள்ளன, சில பெண் யானைகள் காட்டில் ஈன்றும் இருக்கின்றன. ஒரே நாடு, ஒரே விலங்கு. பெரிய வேறுபாடு, மனிதக் கை எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதுதான்.

யானைக்குப் பொருந்துவது நரிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யானை புல்லைத் தின்னும், நரி வேட்டையாட வேண்டும். ஆனால் நரி கிடைத்ததைத் தின்னும் விலங்கு. பசியாறக் கற்பது அதற்குப் பெரும்பாடல்ல. கற்க அரிதானது பயம். காட்டில் நரிகள் இணையாக வாழ்ந்து, முந்தைய ஈற்றுக் குட்டிகளின் துணையோடு புதிய குட்டிகளை வளர்க்கும். எதைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்பதைக் குட்டி மூத்தவற்றோடு திரிந்தே கற்கிறது. தனிக்குட்டியாக வீட்டுக்குள் வளர்ந்தால் அந்தப் பாடம் போய்விடுகிறது. அதற்கு ஈடாக வீட்டு விலங்கும் கிடைப்பதில்லை. 1959இல் நோவோசிபிர்ஸ்க்கில் டிமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில், நம் நரியின் உறவான வெள்ளி நரிகள் நாய்போல் வாலாட்டியது உண்மை. ஆனால் அது செல்லம் கொடுத்து வந்ததல்ல. சாதுவானவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம்பெருக்கி வந்தது. நம் கையில் பால் குடித்த குட்டி வளர்ந்தபின்னும் காட்டு விலங்குதான். தோண்டும், மூத்திரத்தால் எல்லை குறிக்கும், கடிக்கும். மனிதரிடம் அச்சம் மட்டுமே இராது.

அதனால்தான், “பாவம், திறந்து விடுங்கள்” என்ற குரலை ஏற்க முடியவில்லை. பழகிய நரி மீன் கழிவு குவியும் வாடிகளைத் தேடி வரும். அங்கே தெருநாய்கள் உண்டு, அவற்றோடு விசர்நோயும் உண்டு. நரியும் அந்த நோயைச் சுமக்கக்கூடியது. கரைவலை இழுப்பவரின் பிள்ளை அதனால் கடிபட்டால் ஊர் ஒரு நரியோடு நிறுத்திக்கொள்ளாது. நரிக்கொம்பு அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி மண்டையோட்டுக்கு விலை பேசுபவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். ஓடத் தெரியாத நரிதான் அவர்கள் கையில் முதலில் சிக்கும். ஆகவே முற்றிலும் பழகிவிட்டதை வைத்துக் காப்பது சரி. அது மீட்பின் கடமையும்கூட.

அந்த நரியை ‘தூதராக’ வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்பது இன்னொரு வாதம். கோழி திருடி என்று மட்டும் அறியப்பட்ட விலங்கை நேரில் பார்ப்பது நல்லதே, மறுக்கவில்லை. ஆனால் மடியில் படுத்திருக்கும் நரியைப் பார்க்கும் பிள்ளை நரியை வளர்க்கலாம் என்றே கற்றுக்கொள்ளும். காட்சி பணமும் தருவதால், அடுத்த குட்டியைப் பழகாமல் வளர்க்கும் அக்கறை மெல்லக் குறையும். இப்படிக் காட்சிக்கு வைப்பதன் ஆகப் பெரிய குறையாக நான் காண்பது இதையே. பழகிய நரியிடம் புதிய குட்டிகளை ஒப்படைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அது மனிதரை நோக்கி நடந்தால் குட்டிகளும் பின்னால் நடக்கும்.

திரும்ப இடமில்லையே என்ற எதிர்ப்பு இவை எல்லாவற்றையும்விட வலியது. 1980களிலிருந்து இறால் பண்ணைகள் கண்டலைத் தின்றன. நோய் தாக்கிக் கைவிட்ட குளங்கள் பல கிடக்கின்றன. வில்பத்து 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்தாலும், அங்கே ஏற்கெனவே எல்லை வகுத்து வாழும் நரி இணைகள் வந்ததை விரட்டும். விடப்படுபவற்றில் சில சாகும் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். அதைக் குறைக்க வழி உண்டு. வளை கலைந்த இடத்தில் ஆட்கள் விலகி, ஓரிரவு தாய் திரும்ப வழிவிட வேண்டும். வரவில்லை என்றால் குட்டிகளைப் பிரிக்காமல் ஒன்றாக வளர்க்க வேண்டும். தீனி வைப்பவர் ஒருவராக, பேசாதவராக இருக்க வேண்டும். நாய் அண்டாத பற்றையோரத்தில் கூண்டு அமைத்து, வளர்ந்ததும் கதவைத் திறந்துவிட்டு, அவை தின்ன வருவதை நிறுத்தும்வரை இரவில் தீனி வைத்துவர வேண்டும்.