மூன்று முறை எழுதப்பட்ட ஒரு பெண்

பிரெஞ்சு எழுத்தாளர் மார்கெரித் துராஸைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் 'காதலன்' நாவலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 1984இல் கோன்கூர் இலக்கியப் பரிசு வாங்கிய சிறிய நாவல். ஆனால் அவரை முழுதாக ரசிக்க, 1950இல் வந்த 'பசிபிக்குக்கு எதிராக ஓர் அணை'யிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். தன் இளமையை அவர் திரும்பத் திரும்ப எழுதினார். ஒவ்வொரு முறையும் எது மாறுகிறது என்று பார்ப்பதில்தான் ருசியே இருக்கிறது.

துராஸ் பிறந்தது 1914இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனை ஒட்டி. அவருக்கு ஏழு வயதானபோது அப்பா இறந்துபோனார். ஆசிரியையான அம்மா சேமிப்பைக் கொட்டிக் கம்போடியாவில் நிலம் வாங்கினார். ஆண்டுதோறும் கடல்நீர் ஏறுகிற நிலம் அது.

'அணை' அந்தக் காயத்திலிருந்து பிறந்த நாவல். அதில் வரும் அம்மா, சினிமாக் கொட்டகையில் பியானோ வாசித்துச் சேர்த்த காசில் நிலம் வாங்குகிறாள். லஞ்சம் கொடுக்கத் தெரியாதவளுக்கு அதிகாரிகள் விளையாத மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். குறித்த கெடுவுக்குள் பயிரிடாவிட்டால் நிலத்தைப் பறித்து, அதையே இன்னொரு ஏமாளிக்கு விற்கலாம். ஊர்க்காரர்களைத் திரட்டி அவள் கட்டிய அணையை நண்டுகள் அரித்துவிடுகின்றன. காலனி ஆட்சி ஏழை வெள்ளைக்காரியையும் எப்படி உறிஞ்சியது, அவளைவிடக் கீழே இருந்த உழவர்களை என்ன செய்தது என்பதை இவ்வளவு கோபத்தோடு சொன்ன நாவல்கள் குறைவு. இந்தப் பக்கங்களில் அவசரப்படாதீர்கள். மகளை விரும்பும் பணக்காரன் ழோ கொடுக்கும் வைர மோதிரத்தையும் கவனியுங்கள். விற்கப் போனால் கல்லுக்குள் குறை இருப்பது தெரிகிறது.

அதன் பிறகு 'காதலன்'. மேகோங் ஆற்றுப் படகில் பதினைந்தரை வயதுப் பெண், தலையில் ஆண்கள் அணியும் தொப்பி, காலில் ஜரிகைச் செருப்பு. பழைய ழோவின் இடத்தில் இப்போது சீனப் பணக்காரன். கதை வரிசையாக நகராது, தேடாதீர்கள். 'நான்' என்று பேசிக்கொண்டிருப்பவள் சட்டென்று 'அவள்' ஆகிவிடுவாள். தன்னை வெளியே நிறுத்திப் பார்க்கிற அந்த இடங்களில் நின்று படியுங்கள். 'அணை' வந்தபோது அம்மா உயிரோடு இருந்தார். இப்போது அம்மாவும் இல்லை, அண்ணன்மாரும் இல்லை. அன்று மறைத்ததை எழுதுவதற்கு இனித் தடையில்லை.

1991இல் மூன்றாவது முறை, 'வட சீனக் காதலன்'. சீனக் காதலனாக நாவலில் வந்த நிஜ மனிதர் இறந்துபோனார் என்ற செய்தி வந்த பிறகு எழுதியது. 'காதலன்' படத்தை எடுத்த ழான் ழாக் அனோவுடன் மனக்கசப்பும் அப்போது இருந்தது. அதனால் நாவலுக்கு உள்ளேயே காட்சியை எப்படிப் படமாக்கலாம் என்ற குறிப்புகள் வருகின்றன. எனக்கு 'காதலன்'தான் உயர்ந்தது. ஆனாலும் மூன்றில் எது நிஜம் என்று துப்பறியக் கிளம்பினால் மூன்றையுமே இழப்போம்.

இவை முடிந்ததும் 'வேதனை'யை எடுங்கள். நாஜி முகாமிலிருந்து உயிர் ஊசலாடத் திரும்பிய கணவர் ரொபேர் ஆந்தெல்முக்குக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டும் பக்கங்கள் அதில் இருக்கின்றன. துராஸ் எழுதியவற்றில் நான் மிக மதிப்பது அவற்றைத்தான்.