சிவப்பெல்லாம் நீலமான இரவு

லிங்கநகரில் எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது போய்விட்டது. ஆனால் இப்போது அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்! புது ஹார்ட் டிஸ்க் இல்லை, கூடுதல் ராம் இல்லை. இரண்டு இலவச மென்பொருள்கள், அவ்வளவுதான்.

முதலாவது விண்டிர்ஸ்டாட். டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்பும் அதனதன் அளவுக்கேற்ற நிறப் பெட்டியாகத் திரையில் விரிகிறது. என்ன அழகு! இந்தப் படமுறை பிறந்ததே டிஸ்க் நிரம்பும் இதே தலையிடியால்தான். 1990இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 14 பேர் பாவித்த 80 எம்பி டிஸ்க் நிரம்பிவிட, இடத்தை விழுங்குவது எது என்று கண்டுபிடிக்க பென் ஷ்னைடர்மன் யோசித்தது. அவருக்குக் கோடி புண்ணியம்! என் திரையில் பளிச்சென்று தெரிந்தது மச்சாளின் கலியாண வீடியோ. அதற்குப் பக்கத்தில், ஹைபர்னேட் பண்ணும்போது ராமில் உள்ளதைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பு. விண்டோஸ் 7 அதற்கு ராமின் முக்கால் பங்கை ஒதுக்கும். 4 ஜிபி ராம் என்றால் 3 ஜிபி. நாங்கள் ஹைபர்னேட் பண்ணுவதே இல்லை. அதை நிறுத்தும் கட்டளை ஒரு வரி, அவ்வளவு இடமும் திரும்பக் கிடைத்தது. வீடியோ வெளி டிஸ்க்குக்குப் போனது. நூலகம் தளத்திலிருந்து இறக்கி வைத்த ஈழத்து நூல்களில் மட்டும் கை வைக்கவில்லை.

பிறகுதான் இரண்டாவது மென்பொருள் டிஃப்ராக்ளர். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை அது ஒன்றாக அடுக்கும். துண்டுகளைத் தூக்கி அடுக்க வெற்றிடம் வேண்டும். எக்ஸ்பி காலத்து டிஃப்ராக்கே 15% காலியாகக் கேட்டது. டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றினாலும், ஒவ்வொரு துண்டுக்கும் வாசிக்கும் முனை நகர்ந்து, அந்த இடம் சுழன்று வருவதற்குச் சுமார் 13 மில்லி செக்கன் போகும். ஒரு கோப்பு ஆயிரம் துண்டாகக் கிடந்தால் அலைச்சல் மட்டுமே 13 செக்கன்! சமையல் சாமானை உவர்மலையில் கொஞ்சம், உப்புவெளியில் கொஞ்சம், சாம்பல்தீவில் கொஞ்சம் வைத்துவிட்டுக் கறி காய்ச்சுவது போல.

ஓடவிட்டுவிட்டு எழும்ப மனமில்லை. உள்ளே கிர்ர் கிர்ரென்று முனை உழைக்கிறது. திரையில் துண்டான கோப்புகளின் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைய, அடுக்கி முடித்தவற்றின் நீலம் வரிசையாக நிறைகிறது. விடியப் பார்த்தால் ஏறக்குறைய முழுக்க நீலம்! தடித்த பிடிஎஃப் நூல்கூடக் கிளிக் பண்ணின கையோடு திறக்கிறது.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் டிஃப்ராக் பண்ணவேண்டாம். அதில் நகரும் முனையே இல்லை. வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம். விண்டிர்ஸ்டாட் அவர்களுக்கும் உதவும். இன்றைக்கே போட்டுப் பாருங்கோ!