திருவலிதாயமும் தொழிற்பேட்டையும்: பாத்திரமேற்பு ஆட்டங்களில் நகர மிகுபுனைவின் வரையறை

முன்னுரை

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒருவர் ஆட்ட நடத்துநராகக் களத்தை விவரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரங்களின் செயல்களை முடிவு செய்ய, பகடை விளைவைத் தீர்மானிக்கும் ஆட்டவகை பாத்திரமேற்பு ஆட்டம் ஆகும். இவ்வாட்டங்களில் நகர மிகுபுனைவை வரையறுப்போர் பெரும்பாலும் இரு கூறுகளைச் சுட்டுவர். ஒன்று, களம் சமகால மாநகரமாக இருத்தல். மற்றொன்று, இயற்கை இறந்த ஆற்றல்கள் பொதுமக்கள் அறியாவண்ணம் மறைந்து இயங்குதல். இவற்றுள் இரண்டாவது கூறு இவ்வகைமைக்கு இன்றியமையாததா என்பதைப் பாடி என்னும் சென்னைப் புறநகரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மறைவு என்னும் விதி

மறைவை இலக்கணமாக நிலைநிறுத்தியதில் 1991இல் வெளிவந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' ஆட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. குருதி உண்ணும் இரவுயிர்கள் தம் இருப்பை மாந்தரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதே அதன் தலையாய சட்டம். ஆயின், 1989இல் வெளிவந்த 'ஷேடோரன்' ஆட்டத்தின் எதிர்காலச் சியாட்டில் நகரில் மந்திரம் யாவரும் அறிந்த ஒன்று. அதனை அறிவியல் புனைவுக் கலப்பு எனக் கூறி ஒதுக்குவோர் உளர். எனினும், அவ்வாட்டத்தில் மந்திரவாதியும் பெருநிறுவனக் காவலரும் ஒரே தெருவின் உரிமைக்காக மோதுகின்றனர். 'வேம்பயர்' ஆட்டத்திலும் நகரத் தலைவனின் ஆள்புலமே பூசலின் மையம். இரண்டிற்கும் பொதுவாய் அமைவது மறைவன்று. நகரின்மீதான உரிமைப் போட்டியே.

தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பகுப்பை ஒப்புமையளவில் கொண்டால் இது மேலும் தெளிவாகும். குருதியுண்ணிகளும் மந்திரவாதிகளும் கருப்பொருள் போன்றோர். களத்துக்குக் களம் மாறுவர். நகரமும் காலமும் முதற்பொருள். யார் யாருக்குக் கடன்பட்டவர், எவ்விடம் யாருடையது என்பதே இவ்வகைமையின் உரிப்பொருள். 2015இல் வெளிவந்த 'அர்பன் ஷேடோஸ்' கடப்பாட்டையே ஆட்டவிதியாக்கியது. 2010இல் வெளிவந்த 'தி டிரெஸ்டன் ஃபைல்ஸ்', ஆட்டம் தொடங்குமுன் ஆடுவோர் அனைவரும் கூடி நகரை உருவாக்குமாறு பணித்தது. மாறாக, 1994இன் 'பிளேன்ஸ்கேப்' ஆட்டத்திலுள்ள சிகில் நகரில் அணிகளின் போட்டி நிரம்ப உண்டு. ஆடுவோர் தம் வாழ்விலிருந்து அறிந்த நகரம் என்னும் முதற்பொருள் இல்லை. எனவே அது நகரம் சார்ந்த மிகுபுனைவேயன்றி இவ்வகைமைக்குள் அடங்காது.

தமிழ் நகரமும் வெளிப்படைத் தெய்வமும்

சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தன. பூதசதுக்கத்துப் பூதம் தீநெறியாளரைக் கயிற்றால் கட்டி உண்ணும். பாவை மன்றத்துப் பாவை அரசு பிழைத்தால் கண்ணீர் உகுக்கும். இவை ஊரறிந்த நீதி நிறுவனங்கள். அக்காப்பியத்தை இக்கால வகைமையுள் அடக்குதல் காலமுரண் ஆகும். ஆயினும், தமிழ் மரபில் நகரும் தெய்வ ஆற்றலும் வெளிப்படையாகவே பிணைந்திருந்தன என்பதற்கு அது சான்று.

பாடியிலும் இந்நிலையே காணப்படுகிறது. ஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருவலிதாயம் இங்குள்ளது. பரத்துவாசர் வலியன் என்னும் கருங்குருவியாய் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். அதே ஊரில்தான் லூக்காஸ் டி.வி.எஸ். ஆலையும், நெடுஞ்சாலையும் நூறடிச் சாலையும் சந்திக்கும் மேம்பாலமும் உள்ளன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் கொரட்டூர் ஏரியும் அருகிலுள்ளன. இக்களத்தில் ஆட்டம் அமைப்பவர் மறைவு விதியைக் கொண்டுவந்தால், நாள்தோறும் விளக்கேற்றி வழிபடப்படும் தெய்வத்தை எவரும் அறியாத மர்மமாகத் திரிக்க நேரும். அவ்வாறு செய்வது அயல்நாட்டுக் கற்பனையின் அச்சில் உள்ளூரை வார்ப்பதாகும்.

மறைவு விதியை நீக்கினால் களம் வறியதாகிவிடாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. அந்நீரின்மீது வலியனுக்கு உரிமை உண்டா, ஆலைக்கு உண்டா, கரையில் குடியேறியோருக்கு உண்டா என்னும் வினா ஆட்டத்திற்குப் போதிய பூசலைத் தரும். இங்கே பறவை இருப்பதை எல்லோரும் அறிவர். அதற்குத் தரவேண்டிய கடனை யார் மறைக்கிறார் என்பதே அறியப்பட வேண்டியது.

முடிவுரை

நகர மிகுபுனைவை, 'ஆடுவோர் அறிந்த நகரின் இடங்களும் நிறுவனங்களும் இயற்கை இறந்த ஆற்றல்களோடு உரிமையாலும் கடப்பாட்டாலும் பிணைந்து மோதும் களம்' என வரையறுத்தல் பொருந்தும். மறைவு அதன் வடிவங்களுள் ஒன்றே, இலக்கணம் அன்று. அதனை இலக்கணமாகக் கொள்ளின், தெய்வங்கள் தெருவில் வெளிப்படையாய் வாழும் ஊர்கள் யாவும் இவ்வகைமைக்குப் புறத்தே நின்றுவிடும்.