சுவரில் எழுதிய கணக்கும் திரையில் தெரியும் கணக்கும்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தை மனத்தில் கொள்ளுங்கள். நெசவாளர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. எடை பதிவாகிறது. சில வாரங்கள் கழித்து அவர் சேலையுடன் திரும்பி வருகிறார். மீண்டும் நிறுவை. கொடுத்த பட்டும் சரிகையும் சேலைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். முன்பணம் ஏதேனும் வாங்கியிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மிச்சக் கூலியை எழுதுகிறார்கள். பிறகு சேலைக்கு விலை ஒட்டப்பட்டு அது விற்பனைக்குப் போகிறது.

ஒரு சேலைக்குப் பின்னால் இத்தனை எண்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் இவை பேரேட்டில் இருந்தன. பேரேடு எழுத்தரின் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. இன்று இதே எண்களைக் கணிப்பொறி தொகுத்து ஒரே திரையில் காட்டிவிடுகிறது. மோட்டார் வண்டியில் ஓட்டுநரின் முன்னால் வேகத்தையும் எரிபொருளையும் காட்டும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரையே இதற்கும் வைத்து ‘டாஷ்போர்டு’ என்கிறார்கள். நாம் இதனை ‘விவரப் பலகை’ என்போம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வண்டியின் பலகையைப் பார்ப்பவர் ஓட்டுநர் ஒருவரே. விவரப் பலகையையோ பலர் பார்க்கிறார்கள். அப்படியானால் யார் எதைப் பார்க்கலாம்? இதைக் கணிப்பொறி அமைப்பவர் கடைசி நாளில் முடித்துவிடும் சில்லறை வேலையாகவே பல அலுவலகங்கள் கருதுகின்றன. அந்தக் கருத்து தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பலகை ஒன்று, பார்வை பல

நமது சங்கத்துக்கே திரும்புவோம். நெசவாளருக்குத் தம் கணக்கு முழுவதும் தெரிய வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய முன்பணம் தெரியத் தேவையில்லை. சங்க உறுப்பினர் என்ற முறையில் அதே நெசவாளருக்கு மொத்தக் கொள்முதல், மொத்த விற்பனை, தேங்கிய சரக்கு ஆகியவை தெரிய வேண்டும். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு இருப்பும் விலையும் போதும். கூலியை எழுதுபவர் எழுதலாம்; ஆனால் தாமே எழுதியதற்குத் தாமே ஒப்புதல் தரக்கூடாது. தணிக்கையாளர் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் திருத்தக்கூடாது.

ஆகவே, ‘காட்டலாமா, மறைக்கலாமா’ என்ற ஒரே கேள்வி இங்கே போதாது. எந்த வரிசை, எந்தக் கட்டம், பார்க்க மட்டுமா, எழுதவுமா, ஒப்புதல் தரவுமா என்று கேள்விகள் பலவாகப் பிரிகின்றன.

அறிவியலார் இதனை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆராய்ந்தனர். 1971-இல் பட்லர் லாம்ப்சன் என்ற அமெரிக்க அறிஞர் இதனை ஓர் அட்டவணையாக விளக்கினார். ஒருபுறம் ஆட்கள், மறுபுறம் பொருள்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆளுக்கு அந்தப் பொருளின்மேல் உள்ள உரிமை. 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் இத்துறைக்கான நெறிகளைத் தொகுத்தனர். அவற்றுள் மூன்றை நாம் நினைவில் வைத்தால் போதும். வேலைக்குத் தேவையான அளவு உரிமையே ஒருவருக்குத் தரப்பட வேண்டும். அனுமதி என்று எழுதாதது எல்லாம் தடை எனக் கொள்ள வேண்டும். ஒருமுறை சோதித்தோம் என்று விடாமல், ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும்.

ஆட்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் லாம்ப்சனின் அட்டவணையைப் பராமரிப்பது கடினம். 1992-இல் ஃபெராய்லோ, குன் என்ற இருவர் உரிமையை ஆளுக்குத் தராமல் பதவிக்குத் தரும் முறையை வகுத்துக் கூறினர். எழுத்தர் மாற்றலாகிப் போனால் அவரைப் பதவியிலிருந்து நீக்கினால் போதும். உரிமைகள் எல்லாம் தாமே நீங்கிவிடும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? போனவருடைய கடவுச்சொல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் அலுவலகங்களை எண்ணிப் பார்த்தால், நடைமுறையில் அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும்.

உத்தரமேரூரில் ஒரு பாடம்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் உத்தரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடத்தில் ஓலை இட்டு வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்த குடவோலை முறை இதுதான்.

இக்கல்வெட்டைப் பற்றிப் பேசும் மேடைகளும் பாடநூல்களும் பெரும்பாலும் குடத்தோடு நின்றுவிடுகின்றன. இது ஒரு குறை. கல்வெட்டு அடுத்துச் சொல்லும் செய்திகளே நம் காலத்துக்குப் பெரிதும் பயன்படுபவை.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தலில் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அந்தத் தடை உண்டு. ஊர்க்கணக்கு எழுதியவர் தம் காலத்துக் கணக்கை ஒப்படைத்து, அவர் நேர்மையானவர் என்று பெரியோர் சொன்ன பிறகுதான் மறுபடியும் அந்த வேலைக்கு வரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்புவிக்க வேண்டும்; வேறொரு கணக்கரைக் கொண்டுவந்து முடிக்கலாகாது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குபவர், ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிக்க வேண்டும். பிறகு அங்கே இருந்த நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும்.

இவற்றை இன்றைய மொழியில் சொல்லிப் பாருங்கள். பதவியோடு வந்த உரிமை பதவியோடு முடிகிறது. தணிக்கைக்குப் பிறகே புதுப்பிக்கப்படுகிறது. ஒருவர் பெயரில் இன்னொருவர் கணக்கு எழுத முடியாது. அதாவது கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளக்கூடாது. முக்கியமான செயல் ஒருவர் கண்ணுக்கு மட்டும் விடப்படவில்லை. 1987-இல் கிளார்க், வில்சன் என்ற இருவர் வணிகத்துக்கான கணிப்பொறிப் பாதுகாப்பைப் பற்றி எழுதியபோது, இராணுவ இரகசிய முறையை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளைகளின் பழைய வழக்கங்களையே அடிப்படையாகக் கொண்டனர். ஒரு வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் தனியே மோசடி செய்ய முடியாது என்பது அவற்றுள் ஒன்று.

ஆனால் உத்தரமேரூரைப் புகழ்ந்து மட்டும் முடித்துவிடக்கூடாது. அது ஒரு சதுர்வேதிமங்கலம். பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட வரிநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை உடையவர்க்கே குடத்தில் இடம். நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் இடமில்லை. சுவர் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருக்கலாம். கணக்குக் கேட்கும் உரிமை சிலரிடம்தான் இருந்தது. பார்ப்பது வேறு, கேட்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் இன்றும் பலர்.

2017-இல் திறந்து கிடந்த பலகைகள்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2017 மே மாதத்தில் பெங்களூரின் ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’ என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அது நான்கு அரசுத் தளங்களை ஆராய்ந்தது. முதியோர் ஓய்வூதியம் போன்ற சமூக உதவித் திட்டத்தின் விவரப் பலகை ஒன்று. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பலகை மற்றொன்று. மீதி இரண்டும் ஆந்திரப் பிரதேச அரசினுடையவை. இந்த நான்கின் வழியாக 13 முதல் 13½ கோடி ஆதார் எண்களும், ஏறத்தாழ 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் வெளியே தெரிந்திருக்கலாம் என்று அறிக்கை மதிப்பிட்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை 2016-ஆம் ஆண்டின் சட்டமே தடுத்திருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இதில் எந்தத் திருடனும் பூட்டை உடைக்கவில்லை. பலகைகள் தாமே காட்டின. ஓரிடத்தில் எண்கள் மறைக்கப்பட்டுத்தான் இருந்தன. ஆனால் இணைய முகவரி வரியில் ‘நோலாகின்’ என்று இருந்த சொல்லை ‘லாகின்’ என்று மாற்றினால் மறைவு நீங்கிவிடும் என்று அறிக்கை விளக்கியது. வாசலில் காவல்காரர், ‘நீர் உறுப்பினரா?’ என்று கேட்கிறார். ‘ஆம்’ என்று சொன்ன எவரையும் உள்ளே விட்டுவிடுகிறார். இது பூட்டு ஆகாது, வெறும் திரைச்சீலை. விவரங்களைச் சேமித்து வைத்த கிடங்கிலேயே சோதனை நடக்க வேண்டும். கேட்பவரின் வாய்ச்சொல்லை நம்பிக் கிடங்கைத் திறந்துவிட்டால், திரையில் எத்தனை கட்டங்களை மறைத்தும் பயனில்லை.

இது ஒரு நாட்டின் குறை மட்டுமன்று. இணையப் பயன்பாடுகளின் பலவீனங்களைத் தொகுக்கும் ஓவாஸ்ப் என்ற பன்னாட்டு அமைப்பு, 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில் அணுகல் உரிமைக் குறைபாட்டுக்கே முதலிடம் தந்தது.

இதனால் யாருக்கு இழப்பு? ஆதார் எண்ணும் வங்கி எண்ணும் பெயரும் சேர்ந்து கையில் கிடைத்தால், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் தொலைபேசியில் அழைப்பது எளிது. ஓய்வூதியம் வாங்கும் முதியவர், தம் கணக்கு எண்ணைச் சரியாகச் சொல்பவரை நம்பத்தானே செய்வார்?

பூட்டிவிட்டால் போதுமா?

இத்தகைய செய்தி வந்தவுடன், ‘எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்’ என்ற குரல் எழுகிறது. இதுவும் அதே பிழையின் மறுபக்கம்.

1994-இல் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. அரசு வேலைகளின் கணக்குகளை ஊர் மக்கள் முன்னால் வாய்விட்டுப் படித்தார்கள். இத்தகைய விசாரணைகளில், வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பது அம்பலமானது. பெயரையும் நாள் கணக்கையும் தொகையையும் ஊரார் கேட்டதால்தான் பொய் வெளிப்பட்டது. அந்த இயக்கத்தின் நீட்சியாகவே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் பற்றிய விலக்கைத் திருத்தி எழுதியது. பொதுநலனை எடைபோடும் சொற்கள் அந்த உட்பிரிவிலிருந்து போய்விட்டன என்று தகவல் உரிமை இயக்கத்தார் எதிர்த்தார்கள். பொதுநலனுக்காக வெளியிட வேறொரு பிரிவு இடம் தருகிறது என்று அரசு சொல்லியது.

இந்தப் பூசலில் இரு தரப்பும் ‘திற’, ‘மூடு’ என்ற ஒரே கதவைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுகிறது. கோட் கிரானா மக்களுக்குத் தேவைப்பட்டவை பெயரும் தொகையும்; வங்கி எண் அன்று. 2017-இல் வெளியாகியிருக்கக் கூடாதவை வங்கி எண்ணும் ஆதார் எண்ணும். பெயரும் தொகையும் அல்ல. கட்டம் கட்டமாகப் பிரித்தால் தணிக்கையும் நடக்கும், தனிமையும் காக்கப்படும். பிரிக்கச் சோம்பினால் இரண்டில் ஒன்று சாகும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

வாசகர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்திலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ இத்தகைய பலகை ஒன்று நிச்சயம் இருக்கும். அதைப் பொறியாளரின் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். என் கணக்கை நான் பார்க்க முடிகிறதா? பிறருடைய எந்த விவரம் எனக்குத் தேவையின்றித் தெரிகிறது? ஒரு கடவுச்சொல்லை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? வேலையை விட்டுப் போனவரின் உரிமை எந்த நாளில் நீக்கப்பட்டது? யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு உண்டா? அந்தப் பதிவை யார் படிக்கிறார்கள்?

நெசவாளரின் கூலிக் கணக்கு அவர் கண்ணுக்கு எட்டாமல், அவருடைய வங்கி எண் மட்டும் ஊரெங்கும் தெரியுமானால், அந்தப் பலகை எவ்வளவு அழகாக வண்ணம் காட்டினாலும் தலைகீழாக மாட்டப்பட்ட பலகைதான். அதை நேராக்கக் கணிப்பொறி அறிவு மட்டும் போதாது. யாருக்கு என்ன வேலை, யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் மனிதர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் உத்தரமேரூர்ச் சபையார் தங்களுக்குள் அதைத் தீர்மானித்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அவர்கள் வெளியே நிறுத்தியவர்களையும் சேர்த்துக்கொண்டு நாம் அதைச் செய்ய வேண்டும்.