கடன் சுறா

'லோன் ஷார்க்' என்ற ஆங்கிலத் தொடர் 'கடன் சுறா' என்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பில் நுழைந்தது, இப்போது கவிதையிலும் தலைகாட்டுகிறது. உருவகம் என்ற அளவில் இது பொய் என்பது என் கட்சி.

ஆங்கிலத்தில் அதற்கொரு சரித்திரம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் மாலுமிகளால் புழக்கத்துக்கு வந்த 'ஷார்க்', அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏய்த்துப் பிழைப்பவனையும் குறித்தது. மீனின் பெயர் மனிதனுக்குப் போயிற்றா, அயோக்கியன் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லொன்றிலிருந்து மனிதனின் பெயர் மீனுக்கு வந்ததா என்பதில் சொல்லாராய்ச்சிக்காரர்களிடையே முடிவில்லை. பின்னதுதான் சரியென்றால் உருவகம் முந்தியது. பாவம், மீன் பிந்தியது. பீட்டர் பெஞ்ச்லியின் 'ஜாஸ்' நாவலும் (1974) மறு ஆண்டு வந்த ஸ்பீல்பெர்க்கின் படமும் அந்தப் பயத்தை உலகப் பொதுவாக்கின. அதே பெஞ்ச்லி பின்னாளில் சுறாக்களுக்காக வாதாட வேண்டியிருந்தது.

தமிழில் சுறா வேறு. பயம் இல்லாமலில்லை. ஆனால் குறுந்தொகையில் சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மறுபடி கடலுக்குப் போய்விடுகிறார். பட்டினப்பாலையில் பரதவர் பௌர்ணமியன்று கடலுக்குப் போகாமல், சினைச்சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வைத்துக் கள்ளுண்டு களிக்கிறார்கள். (அது வேளா மீனின் வாள்மூக்காக இருக்கவேண்டும். விலங்கியல்படி வேளா திருக்கை இனம். கவிஞருக்கு அது சுறாதான்.) கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கென்று பால்சுறாப் புட்டு. 2010-இல் விஜய் நடித்த 'சுறா'வில் அது மீனவக் குப்பத்துக் கதாநாயகனின் பெயர். படம் எப்படியிருந்தாலும் பெயர் வைத்த காது தமிழ்க் காது. தெய்வத்துக்கும் தாய்ப்பாலுக்கும் நடுவில் வட்டிக்காரனை எங்கே உட்கார வைப்பது? பெயரில் கரையிருந்தும் கடலில்லாத எங்கள் சூலக்கரையிலோ சுறா வெறும் கருவாடு.

வட்டிக்குத் தமிழ் தேடிக்கொண்ட சொற்கள் வேறு: கந்துவட்டி, தண்டல், ரன் வட்டி, மீட்டர் வட்டி. 2003-இல் தமிழ்நாட்டில் வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் தண்டலும் ரோமன் எழுத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சட்டம் எழுதியவர்களுக்குச் சுறா தேவைப்படவில்லை. மீட்டர் என்பதைக் கவனியுங்கள். பல்லில்லை, ரத்தமில்லை, கடன்பட்டவன் தூங்கும்போதும் எண் ஓடுகிறது. வட்டிக்கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், பணத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமான படிமத்தைப் புதுக்கவிதை எனக்குத் தரவில்லை. 'பண முதலை' இல்லையா என்பார்கள். அது உள்ளே 'முதல்' ஒளிந்திருக்கும் சிலேடையால் பிழைத்துப்போகிறது.

சுறாவுக்குப் பசி உண்டு, கணக்கு கிடையாது. ஆயிரம் என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரம் தருகிறவனும், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறவனும், சம்பள நாளில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வண்டியோடு நின்று "என்னக்கா, சௌக்கியமா" என்று கேட்கிறவனும் இயற்கையின் உந்துதலால் அதைச் செய்யவில்லை. அவனை மிருகமாக்குகிற கவிஞன் அவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறான். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையென்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண்குழந்தைகள் தீயில் கருகினார்கள். அதற்குமுன் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார்கள். இதில் எந்த இடத்தில் கடல் இருக்கிறது?

பிரெக்டுக்கு இது தெரிந்திருந்தது. 'மூன்று பென்னி நாடக'த்தின் (1928) தொடக்கப் பாட்டில் சுறாவின் பல் முகத்திலேயே தெரிகிறது, மக்ஹீத்தின் கத்திதான் தெரிவதில்லை. ஒப்புமை வேற்றுமையில் நிற்கிறது. பின்னர் ஒரு குட்டிக்கதையில், சுறாக்கள் மனிதர்களாக இருந்தால் என்ன செய்யும் என்று கேட்டுப் பார்த்தார். சின்ன மீன்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும். சுறாவின் வாய்க்குள் எப்படி நீந்திப் போவது என்று பாடம் நடத்தும். அந்தக் கதையைத் தமிழில் தருகிறவர் சுறாவைத் தாராளமாகச் சுறா என்றே எழுதலாம்.