227க்குப் பின் வரும் ஆறு எண்கள்

லாகின் ஆகிவிட்டது, கோப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் பலர் ஃபயர்வாலைத் திட்டத் தொடங்குவார்கள். என் கண், பேசிவ் கேட்டதும் சர்வர் பதிலாகத் தரும் 227 வரியைத் தேடும். பேசிவ் எஃப்டிபியின் ருசி முழுக்க அந்த ஒரு வரியில்தான் என்பது என் கட்சி.

கடைசி இரண்டு எண்களை முதலில் பார்ப்பேன். 195,80 என்றால் 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்ட, போர்ட் பிசகாமல் 50000. ஃபயர்வாலில் திறந்த வரம்பு 40000 முதல் 40100 வரை என்றால் விஷயம் முடிந்தது. சர்வரில் பேசிவ் வரம்பை யாரும் குறிக்கவே இல்லை.

முகவரியைச் சொல்லும் முதல் நான்கு எண்கள் இன்னும் ரசமானவை. 192,168 என்று ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நாட் (NAT) திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சர்வர், வெளியூர்க்காரரிடம் "அடுக்களைக்கு வா" என்கிறது. விஎஸ்எஃப்டிபிடியில் வெளி முகவரியை ஒரு வரியில் எழுதிவிட்டால் தீர்ந்தது. கர்ல் 2020இல் வந்த 7.74.0 முதல் இந்த நான்கு எண்களைக் கண்டுகொள்வதே இல்லை. வஞ்சக சர்வர் வேறு இயந்திரத்தைக் காட்டி ஏமாற்றலாம் என்ற பயம் நியாயமானதே. ஆனால் கர்லில் ஓடுகிறது, பழைய கிளையண்டில் தொங்குகிறது என்ற புதிருக்கு இதுவும் ஒரு காரணம்.

டிஎல்எஸ் வந்ததும் ஆட்டம் மாறுகிறது. லினக்ஸ் கெர்னலின் எஃப்டிபி கான்ட்ராக், 227ஐ ஒட்டுக்கேட்டு வரப்போகும் இணைப்பை அடையாளம் கண்டுகொள்ளும். வரி மறையாக்கம் ஆனபின் அதற்குக் காது கேட்காது. நேற்றுவரை ஓடியது சான்றிதழ் போட்டதும் நின்றால், சான்றிதழைக் குறை சொல்லாதீர்கள். சின்ன வரம்பு ஒன்றைக் குறித்து, ஃபயர்வாலிலும் அதையே திறந்துவையுங்கள்.

229தான் சுத்தம் என்பார்கள் சில நண்பர்கள். 1998இன் ஆர்எஃப்சி 2428 தந்த ஈபிஎஸ்விக்கு வரும் அந்தப் பதில், முகவரியே சொல்லாமல் போர்ட்டை மட்டும் தரும், ஐபிவி6க்கும் ஒத்துவரும். மறுக்கவில்லை. ஆனால் சர்வர் தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டுவதில்லையே! எஸ்எஃப்டிபிக்காரர்களோ, 22ஆம் போர்ட் ஒன்றே போதும் என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. 1994இல் ஸ்டீவன் பெல்லோவின், ஆர்எஃப்சி 1579இல், கிளையண்டுகள் பேசிவையே முதலில் கேட்கட்டும் என்று எழுதினார். ஃபயர்வாலோடு ஒத்துப்போக அன்று சொன்ன அந்த வழியை இன்றும் மதிக்கிறேன்.

இப்போதைய வைத்தியம் வேறு: 1024 முதல் 65535 வரை மொத்தமாகத் திறந்துவிடுவது. அதற்கு ஃபயர்வால் எதற்கு? லாக் கேட்டால் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. அதிலும் 'டைம் அவுட்' என்ற கடைசி வரி பெரிதாகத் தெரியும். மேலே இருந்த 227ஐ அழகாக வெட்டியிருப்பார்கள்.